பதினோரு சட்டமும் ஒரு கதவும்

அந்த வேலியைச் செய்து முடிக்க அர்ஜுனனுக்கு இருபத்தாறு நாள் பிடித்தது. கழற்ற ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது.

செங்கம் சாலையில் அவனுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. கடை ஷட்டர், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று திருவண்ணாமலையில் புது வீடு எழும்பிய தெருவெல்லாம் அவன் கைவேலை இருக்கும். 2003 மார்கழியில் மூர்த்தி அவனைத் தேடி வந்தார். பிரிஸ்பேனில் இன்ஜினியர். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளி வீடு கட்டியிருந்தார். வீட்டின் பின்புறம் நீலச் சில்லு பதித்த நீச்சல் குளம். வருடத்தில் ஒரு மாதம் மனைவி பிள்ளைகளோடு வந்து தங்குவார். மற்ற நாட்களில் டவுனில் ரைஸ்மில் வைத்திருக்கும் அவருடைய அண்ணன் சுப்பிரமணி வீட்டைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

மூர்த்தியின் கையில் குளத்து வேலிக்கான விதிகள் எழுதிய நான்கு பக்கக் காகிதம் இருந்தது.

"எங்க பிரிஸ்பேன்ல வேலி போடாம குளத்துல ஒரு சொட்டு தண்ணி வுட முடியாது. ஆள் வந்து டேப் வெச்சி அளப்பாங்க. ஒரு விரக்கடை தப்பாயிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"இங்க யாரும் அளக்க வரமாட்டாங்களே சார்."

"அதனாலதான் உங்கள நல்லா அளந்து செய்யச் சொல்றேன்."

வேலி நாலடி உயரம் இருக்கவேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் நாலு அங்குலம்கூட விடக்கூடாது, தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் அதேதான். குறுக்குக் கம்பி வெளிப்பக்கம் வரக்கூடாது; பிள்ளைகள் கால் வைத்து ஏறிவிடும். கதவு குளத்துப் பக்கம் திறக்காமல் வெளியே திறக்கவேண்டும், விட்டதும் தானாக வந்து மூடித் தாழ் விழவேண்டும். தாழ் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். வேலியருகே தொட்டி, நாற்காலி, மரக்கிளை எதுவும் இருக்கக்கூடாது. படிக்கப் படிக்க அர்ஜுனனுக்குச் சிரிப்பு வந்தது.

"இவ்ளோ எழுதியிருக்காங்களே சார், வேற வேலையில்லயா அவங்களுக்கு?"

மூர்த்தி சிரிக்கவில்லை. "சும்மா ஒக்காந்து யோசிச்சி எழுதுனது இல்லப்பா. இதுல இருக்கிற ஒவ்வொரு அளவுக்கும் ஏதோ ஒரு வீட்ல ஒரு கொழந்த போயிருக்குது. போனப்புறம் எழுதுனது."

அதற்குப் பிறகு அர்ஜுனன் விளையாட்டாக எதுவும் பேசவில்லை. பதினோரு சட்டங்களும் ஒரு கதவுமாக வேலியைச் செய்தான். தரையில் போல்ட் பதித்து ஒவ்வொரு சட்டமாக நிறுத்தினான். கதவின் ஸ்பிரிங் மட்டும் சரியாக அமையாமல் மூன்று முறை மாற்றினான். கடைசி நாள் தன் நாலு வயது மகள் தென்றலைக் கூட்டிவந்து, "ஏறு பாக்கலாம்" என்றான். அவள் பத்து நிமிஷம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "இது மோசமான கேட்டுப்பா" என்று அழுதாள். அன்று மாலை பட்டறைக்குத் திரும்பும்போது அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த ஆவணியில் சுப்பிரமணி கூப்பிட்டனுப்பினார். அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம், தம்பி வீட்டில்தான் வைத்துக்கொள்கிறார். குளத்தங்கரையில் மேடை போட்டுப் படம் எடுக்கப்போகிறார்கள்.

"மிருகக்காட்சி சாலை மாதிரி இருக்குதேப்பா. கழட்டிடு. ஃபங்ஷன் முடிஞ்சி மறுபடியும் மாட்டிக்கலாம்."

"மூர்த்தி சார்கிட்ட ஒரு வார்த்த..."

"எந்தம்பி வீட்டுக்கு நான் யார்கிட்ட கேக்கணும்? பஞ்சாயத்துல பிளான் பாஸ் பண்ணப்பகூட யாரும் வேலி கேக்கல. இங்க எவன் கேக்கறான் இதெல்லாம்?"

அர்ஜுனன் கழற்றினான். பதினோரு சட்டங்களையும் கதவையும் பின்புற ஷெட்டில் சாய்த்து வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினான். வருகிறவர்கள் கால் இடறக்கூடாது என்று தரையிலிருந்த போல்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டான். அந்த அக்கறைகூட அவனுக்கு இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்குச் சமைக்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த கூட்டத்தில் திரௌபதி என்றொருத்தி இருந்தாள். புருஷன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். அவள் கைமணம் சுப்பிரமணியின் மனைவிக்குப் பிடித்துப்போய், மூர்த்தி வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை. திரௌபதி தன் மகன் இனியனோடு அங்கே குடிவந்தாள். அவனுக்கு மூன்றரை வயது.

புரட்டாசிக் கடைசியில் அர்ஜுனன் ஒருநாள் அந்த வழியாகப் போனவன் உள்ளே நுழைந்தான். பின்படியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பையன் சக்கரம் போன பிளாஸ்டிக் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தான். அர்ஜுனனைப் பார்த்ததும், "சென்னை, சென்னை, ஏறுங்க" என்றான். அர்ஜுனன் அங்கிருந்தே சுப்பிரமணிக்குப் போன் போட்டான்.

"சார், வேலிய மாட்டிடட்டுமா? கொழந்த ஒண்ணு இருக்குது இங்க."

"அட இருப்பா. தீபத்துக்கு விருந்தாளிங்க ஜாஸ்தி வராங்க. அதுக்கப்புறம் பெயிண்ட் அடிச்சே மாட்டிடலாம்."

சரி என்று வைத்துவிட்டான். பட்டறையில் ஆறு கடை ஷட்டர் பாக்கி கிடந்தது.

ஐப்பசி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, நண்பகல். திரௌபதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து நிமிர்ந்து பையனைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

பட்டறைக்குச் சேதி வந்து அர்ஜுனன் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது. பையனை நனைந்த துணியோடு முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். திரௌபதி அழவில்லை. "வடிச்சிக்கினுதான் இருந்தேன், வடிச்சிக்கினுதான் இருந்தேன்" என்று யார் வந்தாலும் அதையே சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர், கவனக்குறைவாகத் தாய் விட்டதால் குழந்தை தவறி விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டிருந்தார். சுப்பிரமணி அர்ஜுனனைப் பார்த்தார். அர்ஜுனன் தரையைப் பார்த்தான். ரப்பர் மூடிகள் வரிசையாக இருந்தன. அன்று அவன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து வெல்டிங் ராடைக் கையில் எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தான். சோறு இறங்கவில்லை. பதினெட்டாம் நாள் மனைவி சந்திரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ வேணும்னா செஞ்ச? மொதலாளி சொன்னாரு, கழட்டுன" என்றாள் அவள்.

"அவருக்கு அந்தப் பேப்பர்ல இன்னா இருக்குதுன்னு தெரியாது சந்திரா. எனக்குத் தெரியும்."

"இப்ப போயி அந்தப் பொம்பளகிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நமக்கும் ஒரு புள்ள இருக்குது. அத நெனச்சிப் பாரு."

"அத நெனச்சிதான் போறேன்."

கீழ்பென்னாத்தூரில் திரௌபதி தன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வாசலில் காய்ந்த மல்லாட்டைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அர்ஜுனன் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, யார் என்று சொன்னான். பிறகு வேலியைப் பற்றிச் சொன்னான். அவளுடைய விரல்கள் நின்றன.

"வேலியா? அங்க ஏது வேலி?"

"நீ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் கழட்டிட்டேன்மா. ஷெட்டுல தார்ப்பாய்க்கு அடியில இருக்குது."

அவன் எதிர்பார்க்காத ஒன்றை அவள் கேட்டாள்.

"எவ்ளோ ஒசரம்?"

எழுந்து நின்று தன் மார்புக்குக் கீழே கை வைத்துக் காட்டினான்.

"கதவு?"

"தானா மூடிக்கும். தாழ் மேல இருக்கும்."

"அவன் ஏறியிருப்பானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏறினாலும் ஏறியிருப்பான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பலமுறை அவனுக்குத் தோன்றியதுண்டு.

"ஏறியிருக்க முடியாதும்மா. எம்பொண்ண வெச்சிப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

திரௌபதி மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டாள்.

"இத்தினி நாளா என்னத்தாண்ணா திட்டிக்கினு இருந்தேன். ஏண்டி சோத்த வடிச்ச, ஏண்டி திரும்பிப் பாக்கலன்னு. அது தாங்க முடியாமதான் இருந்துச்சி. ஆனா அப்பக்கூட, அவன் விதி அவ்ளோதான்னு ஒரு பக்கம் மனசு சொல்லும். இப்ப அதுவும் இல்லாம பண்ணிட்டீங்க."

அவனுக்கு எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. தன் பாரத்தை இறக்கிவைக்க வந்தவன், அதைக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தான்.

"நான் வந்தது தப்பும்மா."

"தெரியல. எனக்கு அந்த வேலியப் பாக்கணும்."

அடுத்த நாள் காலை ஷெட்டில் தார்ப்பாயை இழுத்துவிட்டு ஒரு சட்டத்தைத் தூக்கி நிறுத்தினான். திரௌபதி பக்கத்தில் வந்து கம்பிகளுக்கு நடுவில் கையை நுழைத்தாள். தோளோடு நின்றுவிட்டது. தலை போகுமா என்று அவள் பார்க்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மண்டியிட்டுத் தன் முகத்தைக் கம்பிகளில் வைத்து அழுத்தினாள். பையன் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. அர்ஜுனன் சட்டம் சாயாமல் பிடித்துக்கொண்டே நின்றான். அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். புகாரை அவள் சொல்லச் சொல்ல அர்ஜுனன் எழுதினான்.

சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வீட்டுக்குள்ள குளம் கட்டுனா வேலி போடணும்னு நம்ம ஊர்ல எங்கய்யா சட்டம் இருக்குது?"

"இல்ல சார். ஆனா ஆபத்துன்னு தெரிஞ்சிதான் போட்டிருந்தோம். தெரிஞ்சேதான் கழட்டுனோம்."

"கழட்டுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீயும் உள்ள வருவ. தெரியும்ல?"

"தெரியும் சார்."

மூர்த்தி தை மாதம் வந்தார். அண்ணனிடம் அவர் என்ன பேசினார் என்பது வெளியே வரவில்லை. லாரி லாரியாக மண் கொண்டுவந்து குளத்தைத் தூர்த்தார். அர்ஜுனனைக் கூப்பிட்டு, "காகிதத்த குடுத்துட்டு என் கடம முடிஞ்சிதுன்னு போயிட்டேன்" என்றார். அவர் பிள்ளைகள் அதன்பின் அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

வழக்கில் சுப்பிரமணி முதல் எதிரி, அர்ஜுனன் இரண்டாம் எதிரி. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்று குற்றப்பத்திரிகை. வக்கீல் அர்ஜுனனிடம் எளிய வழி ஒன்று சொன்னார்: நீ கூலிக்கு வேலை செய்தவன், சொன்னதைச் செய்தாய், குற்றம் இல்லை என்று சொல்லிவிடு, விடுதலையாகிவிடுவாய். சந்திரம்மாளும் கெஞ்சினாள்.

2006 ஆடியில் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார்கள். சுப்பிரமணி குற்றமில்லை என்றார். நீதிபதி அர்ஜுனன் பக்கம் திரும்பினார்.

"குற்றத்த ஒத்துக்கிறேங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. யாராச்சும் மிரட்டுனாங்களா?"

"இல்லீங்க. அளவு எல்லாம் எனக்குத்தான் தெரியும். இனியன் அங்க இருக்கறதயும் பாத்தேன். மாட்டாம வந்துட்டேன்."

நீதிபதி அவனுடைய வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். அவன் உழைத்துப் பிழைப்பவன், முன்பு எந்த வழக்கும் இல்லை, உண்மையைத் தானாக வந்து சொன்னவன் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து, சிறிய அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை சிறையும் விதித்தார். அதாவது அன்று மாலை கோர்ட் முடிகிறவரை அவன் அந்தக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான் தண்டனை. சுப்பிரமணியின் வழக்கு மேலும் இரண்டு வருடம் ஓடியது. அந்தக் காகிதத்தில் இருப்பது வேறு நாட்டுச் சட்டம் என்று அவருடைய வக்கீல் வாதாடினார். சாட்சிக் கூண்டில் நின்ற திரௌபதி, "தண்ணி எந்த நாட்லயும் தண்ணிதானுங்களே" என்று சொன்னாள். அந்தப் பதிலைப் பதிவு செய்யவில்லை. சுப்பிரமணி விடுதலையானார்.

அந்த ஆடி மாத நாளில் அர்ஜுனன் காலை பதினொன்றரையிலிருந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வரப்புத் தகராறு, திருட்டு சைக்கிள், ஜீவனாம்சம் என்று வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. பத்து வருடம் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு மனசு ஆறியிருக்கும். மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தது அவமானமாக இருந்தது. மதியம் சந்திரம்மாள் கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

திரௌபதியும் வந்திருந்தாள். தீர்ப்பு சொன்னதும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தான். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மத்தியான இடைவேளையிலும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தேகாலுக்கு நீதிபதி எழுந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். குமாஸ்தா கட்டுகளைக் கட்டிக்கொண்டே, "ஏம்பா, கோர்ட் கலஞ்சிடுச்சி, நீ போலாம்" என்றார். அர்ஜுனன் அப்படியே நின்றான்.

கூடம் காலியானதும் திரௌபதி பக்கத்தில் வந்தாள்.

"முடிஞ்சிதாண்ணா?"

"முடிஞ்சிதும்மா."

"அவ்ளோதானா?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவ்ளோதாம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவன்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கோபப்படவில்லை.

"நீங்க ஒருத்தராச்சும் அவன் பேர இங்க சொன்னீங்க" என்றாள். "மத்தவங்க எல்லாம் 'இறந்த குழந்தை'ன்னே சொன்னாங்க."

இருவரும் படியிறங்கி வெளியே வந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ் கூட்டத்தோடு வந்தது. அவள் முண்டியடித்து ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பி மறையும்வரை அர்ஜுனன் அங்கேயே இருந்தான். பிறகு பட்டறைக்குப் போகாமல் வீட்டுக்கு நடந்தான்.