தாளம் தப்புகிற ஆள்

பிரேமலா அன்றைக்கும் பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டாள். பசியாறின தட்டைக்கூட எடுக்க விடாமல், மேசையில் உட்கார்ந்தபடியே கரண்டியால் டின் மூடியில் தட்டத் தொடங்கினாள். டக் டக் டகடக். சின்ன இடைவெளி. மறுபடி டக் டக் டகடக். திருச்செல்வத்துக்கு மண்டைக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

"போதும்லா பிரேமா. கை வலிக்கப் போவுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எப்ப கெளம்புவீங்கண்ணே? எங்க வீட்டுக்காரரு வந்தா கோவிச்சுக்குவாரு."

"நாந்தான் உன் வீட்டுக்காரன்!"

புத்தி கெட்டவனிடம் பேசி என்ன பயன் என்பதுபோல் அவள் மரியாதையாகச் சிரித்துவிட்டு டின்னுக்குத் திரும்பினாள். டக் டக் டகடக்.

திருச்செல்வம் பொறுமைக்குப் பேர்போனவர். ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங், காஹாங் வரைக்கும் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். சிங்கப்பூர்க் கடற்பாலத்து நெரிசல் ஊருக்குள் வரைக்கும் நீண்டு கிடக்கிற சாயங்காலங்களில், பின்னாலிருந்து பயணிகள் என்ன ஏசினாலும் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தப் பொறுமையெல்லாம் வீட்டில் சும்மா இருக்க வேண்டிய வயதில் தீர்ந்துபோனது. மனைவிக்கு வந்திருப்பது மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது, சாவியையும் அடுப்பையும் மறப்பாள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் அவர் நினைத்தார். தன்னையே மறந்துவிடுவாள் என்று நினைக்கவில்லை.

நல்லா இருந்த காலத்தில் பிரேமலாதான் தாமான் குடியிருப்புக் கோயிலில் பஜனைக்குத் தலைவி. சுருதி பிசகினால் கோயில் தலைவராகவே இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவாள். திருச்செல்வத்தை மட்டும் அவள் திருத்த முயன்றதே இல்லை. "நீங்க சுண்டல் குடுங்க, அது போதும்" என்று கல்யாணமான புதிதிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டாள். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

அதனால்தான் பராமரிப்பு நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோகும் தேன்மொழி, "பாட்டுப் பாடுங்க அங்கிள்" என்று சொன்னபோது அவருக்கு எரிச்சல் வந்தது.

"அதான் மக போன்ல நெறைய பாட்டு போட்டுக் குடுத்திருக்காளே. அவ கேக்குறதே இல்ல."

"போன்ல ஓடுற பாட்டு ஆன்ட்டிக்காக நின்னு காத்திருக்காது அங்கிள். நீங்க காத்திருப்பீங்க. அவங்க என்ன செய்றாங்களோ அத நீங்களும் செய்ங்க. அவங்க நிறுத்துனா நிறுத்துங்க. அவ்ளோதான்."

"எனக்குப் பாட்டு வராதும்மா."

"வர வேணாம் அங்கிள்."

வராத பாட்டை எப்படிப் பாடுவது? பஸ் ஓட்டத் தெரியாதவன் கையில் சாவியைக் கொடுத்து, தெரியவே வேணாம், ஓட்டு என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! ஆனாலும் ஒருநாள் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க சன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பிரேமலாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முருகன் பாட்டை எடுத்தார். முதல் வரி முடிவதற்குள் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தேன்மொழிக்குப் போன் போட்டு முறையிட்டார். அந்தப் பெண் சிரித்தது. "காதப் பொத்துனாங்கன்னா, நீங்க பாடுனது கேட்டுச்சுன்னுதான அர்த்தம்?"

அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் கிளினிக்கில் காட்டப் போக வேண்டியிருந்தது. பிரேமலா குளித்துச் சில நாளாகியிருந்தது. குளிக்க வைப்பதுதான் அந்த வீட்டில் பெரிய போர். முன்பின் தெரியாத ஆம்பிளை துண்டைக் காட்டிக் கூப்பிட்டால் எந்தப் பொம்பளை போவாள்? காலையிலிருந்து கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவள் டின்னை விடுவதாக இல்லை. கரண்டியைப் பிடுங்கி ஒளித்துவைத்தார். அவள் சிலிப்பரைக் கழற்றித் தட்டினாள்.

"அலமாக்! நிறுத்துறியா இல்லியா?" என்று கத்தியபடி திருச்செல்வம் கையை ஓங்கி மேசையில் குத்தினார். டம் டம் டம்!

அவள் நிறுத்தினாள்.

அடுத்த கணமே அவருக்குக் கூசிப்போனது. பயந்துவிட்டாளோ, அழுவாளோ என்று பார்த்தார். அவள் அழவில்லை. தலையைச் சாய்த்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் தட்டினாள். டக் டக் டகடக். தட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் நடுவில் விட்ட அந்த இடைவெளி சும்மா விட்டதில்லை. பஜனையில் அவள் ஒரு அடி சொல்வாள், கூட்டம் திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொல்ல ஆளில்லாமல்தான் இவள் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவர் தட்டினார். டம் டம் டமடமடம்.

"ச்சே! ஒண்ணு கூடிப் போச்சு."

மறுபடி தட்டினார். இந்த முறை ஒன்று குறைந்தது. பிரேமலா பொறுமையிழந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, "இங்க பாருங்க, இப்படி" என்று அவர் கையாலேயே மேசையில் தட்டினாள். மாதக்கணக்கில் அவள் அவரைத் தானாகத் தொட்டதில்லை. அவர் கையை அசைக்காமல் அவள் பிடியிலேயே விட்டுவைத்தார். ஆனால் கிளினிக்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதனால் அந்தத் தாளத்திலேயே வாய்க்கு வந்ததைப் பாடினார்.

"வாம்மா வாம்மா குளிக்கலாம், தண்ணி சூடா இருக்குது..."

மேட்டில் ஏற முடியாத பழைய பஸ் மாதிரி இருந்தது குரல். பிரேமலா முகத்தைச் சுளித்தாள். சுளித்துவிட்டு அதே வரியைத் தானே பாடினாள். அவர் போட்ட அசட்டு வார்த்தைகளுக்கு அவள் குரலில் ஒரு ராகமே வந்துவிட்டது. அவர் பாடிக்கொண்டே பின்பக்கமாகக் குளியலறைக்கு நடந்தார். அவள் திருத்திக்கொண்டே பின்னால் வந்தாள். தலைக்கு ஊற்றும்போதும் திருத்தினாள், சோப்பு வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டும் திருத்தினாள். கிளினிக்குக்குத் தாமதமாகத்தான் போனார்கள். நர்ஸ் ஏசியது அவர் காதில் சரியாக விழவில்லை.

மறுநாள் அதே பாட்டை எடுத்தார். பிரேமலா சிலிப்பரை அவர் மேல் எறிந்தாள்.

"ஒருநாள் வரும், ஒருநாள் வராது அங்கிள். இது மருந்தில்ல" என்றாள் தேன்மொழி.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டார்.

வார இறுதியில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் லோஷினி வந்தாள். அம்மாவிடமே பாட்டுக் கற்றுக்கொண்டவள், நல்ல குரல். அப்பா பாடியே அம்மா குளித்தார் என்றால், தான் பாடினால் என்னதான் நடக்காது என்று அவளுக்கு ஆசை. பக்கத்தில் உட்கார்ந்து, பிசிறில்லாமல் ஒரு பாட்டை முழுதாகப் பாடினாள். பிரேமலா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நல்லாப் பாடுறீங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசல் கேட்டுக்குப் போய் சடக்கில் போகிற வண்டிகளைப் பார்த்து நின்றுகொண்டாள்.

லோஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்படியில் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த திருச்செல்வத்துக்கு மகள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் பாடிய பாட்டையே அவரும் எடுத்தார்.

கேட்டருகே நின்ற பிரேமலா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். "யாரு இந்த ஆளப் பாடச் சொன்னது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையைத் தட்டி அவரையும் எதிரே உட்கார வைத்தாள். "இப்பப் பாடுங்க."

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வேணும்னே தப்பாப் பாடுறீங்களாப்பா?"

"இல்லம்மா! முடிஞ்ச அளவுக்குச் சரியாத்தான் பாடுறேன்!" என்றார் அவர், நிஜமான கோபத்தோடு.

மகள் மெல்ல அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் பங்குக்கு ஒரு அடி பிசகித் தட்டினாள். பிரேமலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளுக்குப் பக்கத்துல உக்காராத பாப்பா. அவரு தாளம் ஒட்டிக்கும்."

அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. "கொஞ்சம் இருங்கலா, அடுப்ப அணைச்சுட்டு வந்துடுறேன்" என்று திருச்செல்வம் எழப் பார்த்தார். பிரேமலா விடவில்லை, மேசையைத் தட்டி உட்காரச் சொன்னாள். லோஷினி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி பாடத் தொடங்கினார்.