காரிநங்கையிடம் ஒரு வழக்கு

சாப்பாட்டு மணி அடித்து மாத்திரை பேக்கிங் ஹாலை விட்டு வெளியே வரும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் நின்றுகொண்டு மாத்திரை அட்டை அடுக்குகிறவளுக்கு, பல்லவர் காலத்துக் காஞ்சியில் கொலைகாரனைத் தேடும் தெம்பு எங்கிருந்து வரும்? ஆனாலும் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் ஜோதிகா ஆரம்பித்துவிடுவாள்.

"அப்பறம் இன்னா ஆச்சு சுதாக்கா? காரிநங்கை கண்டுபுடிச்சிட்டாளா?"

காரிநங்கை நானே இழுத்து விட்டுக்கொண்ட வம்பு. அரண்மனைக்கு வாசனைத் தைலம் கூட்டுகிறவள், மூக்கை வைத்தே துப்பு துலக்குகிறவள். செல்போன் செயலி ஒன்றில் அவளைத் தொடராக எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்பு கூட வேலை செய்யும் இந்தப் பெண்களிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். நடுவில் நிறுத்தினால் கொலை செய்தது யாரென்று ஆளாளுக்கு அடித்துச் சொல்வார்கள். யாருமே சொல்லாத ஆளைத்தான் குற்றவாளி ஆக்குவேன். காரிநங்கைக்குக் கால் வலிக்காது, தூக்கமும் வராது. எனக்கு இரண்டும் உண்டு. ஆறாவது வழக்கோடு போதும் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் கை கழுவப் போனபின் நாகவல்லிக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வெள்ளானூரிலிருந்து வருகிறவள். ஒருமுறைகூட யாரென்று ஊகம் சொன்னதில்லை.

"ஒண்ணு கேக்கட்டா சுதா? ஒவ்வொரு கதைலயும் யாராச்சும் சாவுறாங்க. செத்தவங்களுக்கு அம்மாவே கெடையாதா?"

யோசித்துப் பார்த்தேன். ஆறு பிணத்துக்கும் ஒரு தாயைக்கூட நான் எழுதியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"எம்பொண்ணு கவிப்பிரியா ஏரில உயுந்து செத்துட்டான்னாங்க. கால் வழுக்கிச்சாம். போய்ப் பாத்தா கரையில செருப்பு ஜோடியா கீது. அவ ஒருநாளும் செருப்ப ஜோடியா உட்டதில்ல சுதா. ஒண்ணு வாசல்ல கெடக்கும், ஒண்ணு தெருவுல கெடக்கும். அதுக்கே எவ்ளோ திட்டிக்கீறேன். யாரோ எட்து வெச்சிக்கீறாங்க."

"போலீஸ்ல சொல்லலியாக்கா?"

"பேரன் மருமவங்கிட்ட கீறான். நான் வாயத் தொறந்தா புள்ளய கண்லயே காட்ட மாட்டான்." டிபன் பாக்ஸை அழுத்தி மூடினாள். "அந்தக் காரிநங்கை கைல எம்பொண்ணு கேஸக் குடு. ராஜா காலத்துக் கதைன்னா எவனுக்குத் தெரியப் போவுது?"

கொரட்டூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் நின்றபடி செல்போனில் தட்டினேன். ஏரிக்கரையில் ஒரு ஜோடித் தோல் செருப்பு. வழக்கமாக இந்த இடத்தில் காரிநங்கை குனிந்து மோப்பம் பிடிப்பாள். இந்தத் தடவை அவளைக் குனியவிட மனம் வரவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த தாயின் பக்கத்தில் போய் உட்கார வைத்தேன். என் ஸ்டேஷனைக் கோட்டைவிட்டு அடுத்த வில்லிவாக்கத்தில்தான் இறங்கினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதுவரைக்கும் சொல்லி நிறுத்தினேன். மகள் ஒருநாளும் செருப்பை ஜோடியாக விட்டதில்லை என்று அந்தத் தாய் கவனித்ததையும் சொன்னேன்.

"படகுக்காரன்," என்றாள் ஜோதிகா.

"மாமியாக்காரிதான்," என்றாள் லோகநாயகி.

"புருசன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகவல்லிக்கா கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

"போக்கா, அவ்ளோ சுளுவாவா சுதாக்கா எய்திடுவாங்க? எப்டி சொல்றே?" என்றாள் ஜோதிகா.

"செருப்ப ஜோடியா வெச்சாம் பாரு. பொண்டாட்டியப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

ஜோதிகா என்னைப் பார்த்தாள். "சரியாக்கா?"

விடையை நான் முன்கூட்டிச் சொன்னதே கிடையாது. "சரிதான்," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.

மணி அடித்தது. தினமும் தன் செருப்பைச் சுவரோரமாகச் சேர்த்து வைத்துவிட்டு ஹாலுக்குள் போகிறவள் நாகவல்லிக்கா. இன்று வாசலில் நின்று காலை உதறினாள். ஒன்று படியில் விழுந்தது. இன்னொன்று தள்ளிப் போய், லாரி நிற்கும் மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.