ஜிலேபி தின்ற நோன்பாளி

பாறசாலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஞானதாஸுக்குப் பெயிண்டைவிட நன்றாகத் தெரிந்தது திருச்சபைச் சட்டம். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். கொரோனா அடைப்பில் கடை பூட்டிக் கிடந்தபோது போனில் யாரோ வெளிநாட்டுப் பாதிரியாரின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தவர், கடை திறந்தபோது முழு வேதபாரகராக வெளியே வந்தார். லத்தீன் பூசைதான் பூசை. நற்கருணையை முழங்காலில் நின்று நாக்கில் வாங்க வேண்டும். கையில் வாங்குகிறவன் யூதாசின் பங்காளி. நடுச்சாமம் முதல் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்புவரை சாப்பிடலாம் என்று இன்றைய சபை சொல்வதெல்லாம் சோம்பேறிகளுக்குக் கொடுத்த சலுகை. இவ்வளவு பேசுகிறவருக்கு லத்தீனில் 'ஆமென்' தெரியும். அது எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் வீட்டிலும் ஓடியது. மனைவி ஜினியின் அம்மா இறந்து ஒரு வருடம் ஆனபோது நடந்த ஆண்டுப்பூசையில், நன்மை என்கிற நற்கருணை வாங்க வரிசையில் நின்ற ஜினியை ஊர் பார்க்கக் கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். விடியற்காலையில் அவள் பால்கூட விடாத ஒரு கிளாஸ் கட்டன்சாயா குடித்திருந்தாளாம். பெற்ற அம்மையின் பூசையில் மகளுக்கு நன்மை இல்லை. ஜினி அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப் பேசாமல் இருக்கிற பெண்டாட்டியிடம் எச்சரிக்கையாக இருக்கணும் என்று எந்த வீடியோவும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது மகள் அன்ஸிக்குப் புதுநன்மை. முதல்முறை நன்மை வாங்கும் பிள்ளையின் இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் நின்று கூடவே வாங்குவது அந்தக் கோயிலின் வழக்கம். "அப்பா எனக்க கூட நிக்கணும்" என்று அன்ஸி நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானதாஸுக்கும் வேறு ஆசையில்லை. அதற்கென்றே சரிகை வேட்டி எடுத்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரை. வயிற்றைக் காயப்போடாதே என்று காரக்கோணத்து டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அவரு சி.எஸ்.ஐ. ஆளாக்கும். உபவாசத்துக்க மகிமை அவருக்கு எங்க தெரியும்?" என்று ஞானதாஸ் அதைத் தள்ளிவிட்டார். ராத்திரி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றோடு கோயிலுக்கு வந்தார்.

முற்றத்தில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசை கட்டும்போது வேதபாரகருக்கு வியர்த்துக் கொட்டியது. அப்படியே சரிகை வேட்டியோடு சரிந்தார். விழாவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுச் சதாசிவன் ஓடிவந்து, பூசை முடிந்து கொடுக்க வைத்திருந்த பலகாரப் பெட்டியை உடைத்தார்.

"அண்ணே, சர்க்கரை எறங்கிப்போச்சு, வாயத் தொறயும்!"

ஒரு ஜிலேபி உள்ளே போனது. ஞானதாஸின் கொள்கை மறுத்தது, வாய் மறுக்கவில்லை. இரண்டாவதை அவரே எடுத்துத் தின்றார்.

கண் தெளிந்த பிறகுதான் தலையில் இடி விழுந்தது. ஐயோ, நோன்பு போச்சே! அவருடைய சட்டப்படி இன்றைக்கு அவருக்கு நன்மை கிடையாது.

"நீங்க பெஞ்சில இரிங்க. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் ஜினி, ரொம்ப மரியாதையாக.

அச்சனின் பிரசங்கம் நீளம் என்று ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் புலம்புகிறவர் ஞானதாஸ். அன்று, ஆண்டவரே, இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று மனமுருகி வேண்டினார். சோம்பேறிகளின் சலுகை திடீரென்று இனித்தது. அச்சனும் கைவிடவில்லை. ஆபிரகாமில் தொடங்கி, மொபைல் போனின் கேடுகளைச் சுற்றி, மீண்டும் ஆபிரகாமுக்கே வந்தார். அவர் நற்கருணைப் பாத்திரத்தோடு இறங்கி வந்தபோது ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது.

"ஒரு மணிக்கூர் கழிஞ்சுது, கேட்டியா," என்று ஜினியின் காதில் கிசுகிசுத்தார். "சபைக்க சட்டப்படி எனக்கு வாங்கலாம்."

"எந்த சபை? ஒங்களுக்க சபையில கட்டன்சாயாவே பாவமாக்கும். ஜிலேபிக்கு மட்டும் மோட்சம் உண்டோ?"

ஞானதாஸ் எழுந்துபோய் அன்ஸியின் பக்கத்தில் முழங்காலிட்டார். முதலில் அன்ஸி வாங்கினாள். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்ட ஞானதாஸ் கைக்குட்டையைப் பார்த்தார். வாய் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுச் சாயம். கைக்குட்டையே இப்படியென்றால் நாக்கு? நீட்டினால் ஊரே பார்க்கும். வேறு வழியில்லாமல், யூதாசின் பங்காளிகளைப் போல, இரண்டு கைகளையும் மெல்ல நீட்டினார்.

"அப்பா, கையில வாங்கினா நரகம்! நாக்க நீட்டுங்க!"

மகளுக்கு மணி போன்ற குரல். நீட்டினார். அச்சன் அந்த ஆரஞ்சு நாக்கைக் கண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கி, "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார். ஞானதாஸ் தனக்குத் தெரிந்த லத்தீனைச் சொன்னார்.

ஜினியும் வாங்கிக்கொண்டு மூவரும் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். கோயில் அமைதியாக இருந்தது.

"அப்பா, ஜிலேபி தின்னாலும் நன்மை வாங்கலாமா?" என்று கேட்டாள் அன்ஸி.

"ஒரு மணிக்கூர் ஆனா வாங்கலாம், மோளே."

"அப்போ அம்மை அன்னைக்கு கட்டன்சாயாதானே குடிச்சா? எதுக்கு அம்மையப் பிடிச்சு இழுத்தீங்க?"

முன் பெஞ்சில் தலைகள் திரும்பின. ஜினி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. ஞானதாஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆரஞ்சுக் கைக்குட்டையை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டார்.

"அது அப்பா செய்த தப்பாக்கும், மோளே," என்றார்.

ஜினி திரும்பாமலே தன் கைக்குட்டையை அவரிடம் நீட்டினாள்.

"வாயத் தொடைங்க. வாற ஞாயிறு எனக்க அம்மைக்கு ஒரு பூசைக்குப் பணம் குடுங்க. விடியக்காலம் கட்டன்சாயா குடிச்சிட்டுத்தான் நான் வருவேன். நீங்களாக்கும் போட்டுத் தரணும்."