மான் வேட்டைத் திங்கட்கிழமை

என் புருஷன் ராய்ஸ் கோர்ட் தெருவில் கால் வைத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஊரிலுள்ள ஒரே மளிகைக்கடை கோர்ட்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது. இவனோ கல்குவாரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து மாவட்டம் வரை போய் முட்டை வாங்கி வருவான். ஏனென்று கேட்டால், அங்கே முட்டை பெரிது என்பான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பின்விளக்கு. டிரக்கில் விளக்கு எரியவில்லை என்று நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்தி, கோர்ட்டுக்கு வரச்சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. அதில் போட்டிருந்த தேதி, நவம்பரில் வரும் நன்றி செலுத்தும் விருந்து முடிந்த அடுத்த திங்கட்கிழமை. எங்கள் மாவட்டமான ஹார்லோ கவுண்டியில் மான் வேட்டை தொடங்குகிற நாள் அது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், மர ஆலை பூட்டியிருக்கும், பல் வலித்தால் பல் டாக்டரைக் காட்டில்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் கோர்ட் மட்டும் திறந்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ராய்ஸ் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டான். மறுநாள் தீவனக் கடையில் அவன் காதில் விழுந்த செய்தி: புது ஜட்ஜ் கொலம்பஸ் நகரத்துக்காரர், வேட்டையென்றால் என்னவென்றே தெரியாது, நேற்று கோர்ட்டை நடத்தி, வராதவனுக்கெல்லாம் பிடிவாரண்டு போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே திருடன் மாதிரி ஆகிவிட்டான். கவுண்டி வண்டி சத்தம் கேட்டால் நிலவறைக்குள் இறங்கிவிடுவான். தபால்காரர் கையெழுத்துக் கேட்டால், கதவுக்குப் பின்னாலிருந்து, "வீட்ல யாரும் இல்ல" என்று இவனே சொல்வான்.

எனக்கு வேறு சந்தேகம். ஒரு விளக்குக்காக எவனாவது இத்தனை வருஷம் ஒளிவானா? யாரையாவது அடித்திருக்கிறானா, எதையாவது தூக்கியிருக்கிறானா? அவன் தூங்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்கத்திலாவது உளறுகிறானா என்று பார்த்தால் அதுவும் இல்லை. கேட்டால் மறுபடி பின்விளக்குதான்.

இப்படியே ஓடியிருக்கும், ஓபல் வராமல் இருந்திருந்தால். என் தங்கை மகள் போதையிலிருந்து மீள வைத்தியசாலைக்குப் போனபோது, கைக்குழந்தையை எங்களிடம் கொடுத்தாள். நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சம்மதமும் எழுதிக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை கோர்ட் மாடியில் நாங்கள் இருவரும் வந்து நின்றால் ஓபல் எங்கள் பிள்ளை. நிற்காவிட்டால் வேறு எந்த ஊரிலோ, முகம் தெரியாத யாரிடமோ ஒப்படைத்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத எங்களுக்கு இந்த வயதில் வந்தவள். அவளைக் கொடுத்துவிட்டு நான் எப்படி இருப்பேன்?

"அதே கட்டடம், அதே வாசல், அதே போலீஸு," என்றான் ராய்ஸ். "உள்ள போனா கையில வெலங்கு மாட்டுவான். அந்த லட்சணத்துல புள்ளைய வேற குடுப்பானா?"

"வாரண்டு இருக்கா இல்லையான்னாவது கேப்போமேய்யா."

"கேட்டாத்தான்டி மாட்டுவோம்."

அவன் பேச்சைத் தட்டி நான் கோர்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் போன்ல சொல்றதில்லம்மா. அடையாள அட்டையோட நேர்ல வாங்க," என்றது ஒரு பெண் குரல்.

ராய்ஸுக்கு ஒரே குஷி. "பாத்தியா? பொறிக்குள்ள வந்து சீஸ் இருக்கான்னு பாத்துக்கோங்கிறா."

நூலகத்துக் கம்ப்யூட்டரில் தேடினேன். வாரண்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அதற்கும் பதில் வைத்திருந்தான். "மறைச்சு வெச்சிருக்கானுங்க. பேரு இல்லன்னு நம்பி வெளிய வருவான்ல, அப்ப அமுக்கலாம்னு."

செவ்வாய்க்கிழமை காலை ஓபலை அவன் மடியில் போட்டுவிட்டு நானே கிளம்பினேன். கோர்ட் வாசலில் இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு காவலர். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாடீன் என்ற குமாஸ்தா. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிற கோர்ட்டுக்காரியை நான் நம்புவதில்லை.

"ராய்ஸ் கூம்ஸ்," என்று நான் சொன்ன பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "பின்விளக்கு கேஸு. அது அப்பவே தள்ளுபடி ஆயிருச்சேம்மா."

"எப்படி? இவர்தான் வரலையே?"

"சீட்டு எழுதின போலீஸும் வரல. சாட்சி இல்லாம என்ன கேஸு?"

"அவர் ஏன் வரல?"

மூக்கில் மாட்டிய கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நீங்க இந்த ஊர்தானே? மான் சீசன் மொத நாளும்மா அது."

நான் விடவில்லை. "வேற ஒண்ணும் இல்லையா? அடிதடி, திருட்டு, அந்த மாதிரி?"

"இருக்கணும்னு ஆசைப்படுறீங்களா?"

ஒன்றுமே இல்லை. பின்விளக்கு என்று அவன் சொன்னது பின்விளக்குதான். சிரிப்பதா, வீட்டுக்குப் போய் அவனை நாலு சாத்து சாத்துவதா என்று யோசித்தபடி திரும்பினேன்.

"ஒரு நிமிஷம்மா," என்றாள் நாடீன். இப்போது சிரிப்பு இல்லை. "அதே விலாசத்துல இன்னொண்ணு இருக்கு. வெர்லீன் கூம்ஸ். பிடிவாரண்டு. இன்னும் உயிரோட இருக்கு."

வெர்லீன் நான்தான்.

கட்டாமல் விட்ட நாய் கேஸ். எங்கள் நாய் பிஸ்கட் பக்கத்துப் பண்ணையில் கோழிகளைத் துரத்தியிருக்கிறது. நாயின் உரிமம் என் பெயரில். நாய் விவகாரம் பார்க்கும் கவுண்டி அதிகாரி சம்மனோடு வீட்டுக்கு வந்திருக்கிறார், யாரும் கதவு திறக்கவில்லை. தபாலில் அனுப்பியிருக்கிறார்கள், யாரும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் கதவில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் ராய்ஸ் அடுப்பில் எதையோ போட்டு எரித்ததும், என்னவென்று கேட்டதற்கு விளம்பரக் காகிதம் என்றதும் ஞாபகம் வந்தது. கவுண்டி முத்திரையைப் பார்த்ததும் தன் தலைக்குத்தான் வந்தது என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் எரித்திருக்கிறான். பிஸ்கட் செத்தே ஒரு வருஷம் ஆகிறது. எரித்த கதையையும் வியாழக்கிழமை ஓபல் விஷயத்தையும் நாடீனிடம் கொட்டிவிட்டேன்.

"பதறாதீங்க," என்றாள் நாடீன். "தானா வந்தவங்கள ஜட்ஜ் மத்தியானம் ஒரு மணிக்குப் பாப்பாரு. சம்மன் உங்க கைக்கு வரலன்னு சொல்ல உங்க வீட்டுக்காரரப் போன் போட்டு வரச்சொல்லுங்க. வாரண்ட எடுத்துருவாரு. அது தலை மேல தொங்குறப்ப வியாழக்கிழமை புள்ளைய குடுக்க மாட்டாங்க. அந்த பெஞ்சுல உக்காருங்க. வெளிய மட்டும் போயிராதீங்க."

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நானே ராய்ஸ் ஆகிவிட்டேன். வெளியே போகாதே என்று ஏன் சொன்னாள்? இப்போது யாருக்குப் போன் போடுகிறாள்? காவலர் வயர்லெஸ்ஸில் முணுமுணுத்துவிட்டு என் பக்கம் ஏன் திரும்பினார்? பையை மார்போடு அணைத்துக்கொண்டு ராய்ஸைக் கூப்பிட்டேன்.

"யோவ், உன் கேஸு அப்பவே தள்ளுபடியாம். வாரண்டு எம்பேர்லதான் இருக்கு. நீ எரிச்சியே, அது எனக்கு வந்த சம்மன். ஒரு மணிக்குள்ள வந்து ஜட்ஜுகிட்ட சொல்லு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல யாருடி இருக்கா?"

"யாரும் இல்லய்யா."

"அவனுங்க சொல்லச் சொன்னத சொல்ற. என்னைய வரவழைக்க உன்னைய புடிச்சு வெச்சிருக்கானுங்க. ஆமான்னா இருமு."

வந்த கோபத்தில் எச்சில் புரையேறி இருமல் வந்து தொலைத்தது. போனை வைத்துவிட்டான். மறுபடி மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அவ்வளவுதான், ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஓபலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் அவன் அண்ணன் வீட்டுக்கு வண்டியை விட்டிருப்பான். இத்தனை வருஷம் நிலவறையில் ஒளிந்தவன் எனக்காகவா வெளியே வரப்போகிறான்? சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜட்ஜ் வருகிற நேரத்தில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். சாவு வீட்டுக்குப் போடுகிற கோட்டு. இடுப்பில் பெல்ட் இல்லை, பூட்ஸில் கயிறு இல்லை. ஜெயிலில் எப்படியும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு கையில் ஓபல், இன்னொரு கையால் நழுவுகிற கால்சட்டையைப் பிடித்திருந்தான்.

நேராகக் காவலரிடம் போனான். "நான்தான் ராய்ஸ் கூம்ஸ். என்னைய புடிச்சுக்கங்க, அவள விட்டுருங்க. புள்ளைக்கு அவ வேணும்."

காவலர் விழித்தார். "நீங்க யாரு சார்?"

ராய்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. என் மடியில் ஓபலை வைத்துவிட்டு அவசரமாக, தணிந்த குரலில் சொன்னான். "பையில பால் இருக்கு, சூடு பாத்துக் குடு. ராத்திரி ரெண்டு தடவ எந்திரிப்பா. பாட்டு வேணாம், முதுகுல தட்டுனாப் போதும். எத்தன மாசம் போட்டாலும் பாத்துக்குவல்ல?"

பையைத் திறந்தேன். பால் புட்டிகளுக்கு நடுவே அவனுடைய பல் துலக்கும் பிரஷ். இந்த மனுஷனைப் போய் என்னென்னவோ சந்தேகப்பட்டேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜட்ஜ் அதிக நேரம் எடுக்கவில்லை. "சம்மனை ஏன் எரிச்சீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு வந்ததுன்னு நெனச்சேங்க," என்றான் ராய்ஸ்.

நாடீன் குனிந்து சிரித்தாள். நாய் செத்துப்போனதைக் கேட்டுக்கொண்டு, வாரண்டையும் கேஸையும் ரத்து செய்தார் ஜட்ஜ். வியாழக்கிழமை மாடியில் கேட்டால், கீழே எங்கள் மேல் பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லலாம் என்றார். ராய்ஸ் அப்போதும் நகரவில்லை. "அப்ப எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எப்பவுமே இல்ல. வீட்டுக்குப் போங்க."

வெளியே வந்து படியில் நின்று தெருவின் இரு பக்கமும் பார்த்தான். யாரும் பின்னால் வரவில்லை. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே தெருவைக் கடந்து மளிகைக்கடைக்குள் போனான். நானும் ஓபலைத் தூக்கிக்கொண்டு போனேன். முட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து, ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அதே அளவுதான்டி வெர்லீ," என்றான். கடை நடுவில், அத்தனை பேர் பார்க்க, அழ ஆரம்பித்தான்.