பதினாலாம் நம்பர் செக்கரும் இரண்டு ஸ்பீக்கர்களும்

"ஏனுங் அம்மிணி, உங்களுக்கு வாய் பேச வராதுங்களா?"

சிவசுப்பிரமணியம் முதல்முதலாக அந்த வீட்டுக்கு வந்த அன்று ஜெயசுதாவைப் பார்த்து இப்படித்தான் கேட்டார். காபியை நீட்டியவள் பதில் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். வராமல் என்ன, வரும். வெளியாள் முன்னால் மட்டும் வார்த்தை பல்லைத் தாண்டாது.

அவருக்கோ வாய் மூடாது. பல்லடத்தில் கோழிப்பண்ணை. பத்தாயிரம் கோழி கத்துகிற இடத்தில் இருந்துகொண்டே 'காதுக்காரர்' என்று பெயர் வாங்கியவர். ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாராம். மழை நாளில் பாட்டுக்குள் ஈரம் தெரியுமாம். ஜெயசுதாவின் கணவன் வேல்குமாருக்கு அவர் சொல்வதுதான் வேதம்.

வேல்குமார் சாய ஆலையில் எலக்ட்ரீஷியன். எட்டு மாதமாக வேலம்பாளையத்து வீட்டு ஹாலில் சொந்தமாக இரண்டு ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்தான். நெஞ்சுயரத் தேக்குப் பெட்டிகள், உள்ளே டென்மார்க்கிலிருந்து வந்த சாமான்கள். அவற்றுக்கு இடம்விட்டு ஜெயசுதாவின் கட்டில் கார் இல்லாத கார் ஷெட்டுக்குப் போய்விட்டது. பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றபடியே ஒவ்வொரு பீஸிலும் ஓட்டை, கறை தேடுகிற செக்கர் வேலை பார்த்துவிட்டு வருகிறவள், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கொசுக்கடியில்தான் காலை நீட்ட வேண்டும்.

"மெத்தை உள்ள இருந்தா பேஸ் சத்தத்தைக் குடிச்சுப்போடுமாமா சுதா. அண்ணன் சொன்னாரு."

"மெத்தை கெடக்கட்டுமுங்க. எங் காலு கெட்டுப்போச்சே, அதை எந்த டென்மார்க்குல வாங்கறது?"

வேல்குமார் தலையைச் சொறிந்தான். "சரி, இப்படி வெச்சுக்கலாம். ஞாயித்துக்கெழமை அண்ணன் வந்து மூணு பாட்டு கேப்பாரு. முடிஞ்சதும் அவரு வாயால 'தேறிருச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா, ஸ்பீக்கர் ஹால்லயே இருக்கும். சொல்லலீன்னா மாடி ரூமுக்கு ஏத்திப்போடறேன். உங் கட்டலு உள்ள வந்துரும்."

"சத்தியமா?"

"டென்மார்க் மேல சத்தியம்."

புது ஸ்பீக்கரின் முதல் சத்தம் தன் காதில்தான் விழ வேண்டும் என்பது சிவசுப்பிரமணியத்தின் கட்டளை. அதனால் வேல்குமார் ஒரு பாட்டுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. சனிக்கிழமை டூட்டிக்குக் கிளம்பும்போது, "முன்பக்கத் துணியத் தைச்சு மாட்டிரு. அப்படியே ஒரு செக்கிங்கும் போட்டிரு" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

துணியை மாட்டி முடித்ததும் ஜெயசுதா பெட்டிகளை டியூப்லைட்டுக்கு அடியில் நகர்த்தினாள். பாலிஷில் ஒரு முடி ஒட்டியிருந்தது. கம்பெனியில் செய்வது போலவே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒரு திருகாணித் தலையில் கீறல், இன்னொரு ஸ்டிக்கர். பின்பக்கம் திருப்பினாள். டம்ளர் வாய் அகலத்துக்கு ஓட்டை! அடுத்த பெட்டியைத் திருப்பினாள். அதே இடத்தில் அதே ஓட்டை.

இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறான் என்று வேறு யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். உண்மையும் அதுதான். உள்ளேயிருக்கும் காற்று அந்த வழியாக வந்தால்தான் 'தும்' என்ற அடி இறங்கும். முந்தின நாள் அவள் கம்பெனியில் இருந்தபோது வேல்குமார் போட்டது. ஆனால் செக்கிங் டேபிளில் ஒரே இடத்தில் ஓட்டை திரும்பத் திரும்ப வந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது. இந்த மனுசன் எதையோ உடைத்துவிட்டு, கவனிக்காமல் விட்டிருக்கிறான்.

அப்படியே விட்டால் காதுக்காரர் கண்ணில் படும். 'தேறிருச்சு' வராது. கட்டில் உள்ளே வரும். ஜெயசுதா பதினைந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தாள். ஆனால் பதினோரு வருசத்தில் ஓட்டையோடு ஒரு பீஸையும் அவள் வெளியே அனுப்பியதில்லை. கட்டில் போனால் போகிறது.

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை இருந்தது. குழந்தைகள் ஜட்டித் துணி, முழுக்க முயல் படம். துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு இரண்டு ஓட்டையிலும் திணித்து, மேலே வட்டமாகக் கறுப்புத் துணி ஒட்டி, 'செக்கர் 14 ஓ.கே.' ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவசுப்பிரமணியம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பாட்டு ஆரம்பித்தது. வேல்குமாரின் முகம் சுருங்கியது. 'தும்' வரவேண்டிய இடத்தில் 'த்' மட்டும்தான் வந்தது.

"அட அட அட! பின்னாடி ஓட்டைல காத்து வருது பாரு வேலு, அது எனக்குத் தனியாக் கேக்குது. எடப்பக்கம் சில்லுனு, வலப்பக்கம் வெதுவெதுன்னு."

"அதுகூடக் கேக்குமுங்களாண்ணா?"

"உனக்குக் கேக்காது. அதுக்குக் காது வேணும்."

கதவோரம் காபித் தட்டோடு நின்ற ஜெயசுதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயோ, காத்து வர்ற ஓட்டையா அது! அடைச்சுட்டேனுங்க என்று சொல்ல வாய் திறந்தாள். வார்த்தை பல்லிலேயே நின்றது.

மூன்றாவது பாட்டு முடிகிற நேரம். சிவசுப்பிரமணியம் எழுந்தார். "வா வேலு, உள்ளங்கைய வெச்சுப் பாரு, காத்து எப்படி அடிக்குதுன்னு காட்டறேன். அப்பறஞ் சொல்றேன் அந்த வார்த்தைய."

பெட்டிக்குப் பின்னால் புகுந்து கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. தடவிப் பார்த்தார். விரலால் நெம்பினார். கறுப்புத் துணி பிய்ந்து, முதலில் இரண்டு காது வந்தது. பிறகு ஒரு முயல். அதன் வாலில் இன்னொரு முயல். இழுக்க இழுக்க முயல்கள் கோயில் தோரணம் போல வந்துகொண்டே இருந்தன. கடைசி முயல் வெளியே விழுந்ததும், அந்த ஒரு பெட்டி மட்டும் முதல் தடவையாக 'தும்' என்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு முடிந்தது.

வேல்குமார் ஸ்டிக்கரைப் படித்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். ஜெயசுதா காபியைப் பார்த்தாள்.

சிவசுப்பிரமணியம் வாயைத் திறந்தார், மூடினார். முயல்களை நாற்காலியின் மேல் மெதுவாக வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணா, காபி குடிச்சுட்டுப் போங்க" என்றாள் ஜெயசுதா. எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

கார் ஷெட்டில் கட்டில் வழியை மறித்துக் கிடந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போய், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்.