கோழிக்கு இரண்டரை அடி அஸ்திவாரம்

கோழிக்குக் கூடு கட்டப் போய் என் வீட்டுக்காரர் செய்த காரியத்தை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பதினைந்து நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

நான் வசந்தி. கொச்சியில், இந்த மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா இங்கே முனிசிபாலிட்டியில் சாக்கடை அள்ளியவர். வீட்டுக்காரர் வீரபாண்டி சங்கரன்கோவில் பக்கம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் வேலைக்கு இங்கே வந்தவர், இப்போது மேஸ்திரி. நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை, பின்னால் கொஞ்சம் முற்றம். அந்த முற்றத்தில் என் நாட்டுக்கோழிகள் பதினைந்து.

என் கோழி என்று அழுத்தித்தான் சொல்கிறேன். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் ஒன்பது வருஷம் படுக்கை விரிப்பு துவைத்து என் வலது மணிக்கட்டு போயிற்று. ஒரு துண்டைப் பிழிந்தால் உயிர் போகும். வேலையை விட்டுவிட்டுக் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். ஹோம்ஸ்டேக்காரர் ஒருவர் முட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து மொத்தமாக எடுத்துக்கொள்வார். சோப்பு வாங்க, சேலை எடுக்க, எதற்கும் நான் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கோழி போனால் எனக்கென்று வேறு வருமானம் கிடையாது.

பக்கத்து வீட்டுக் கமலாக்ஷியம்மாவுக்கும் என் கோழிகளுக்கும் ஆகாது. மதில் ஏறிக் குதித்துப் போய் அவர் மஞ்சள் பாத்தியைக் கிளறிவிடும். அவர் எங்கள் வீட்டு உடமைக்காரி அம்மிணி டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். டீச்சர் ரிட்டையராகித் தேவராவில் இருக்கிறார். நல்ல மனுஷிதான். கோழியை அடைத்து வளர்த்தால் வளர்க்கலாம், மாத முடிவுக்குள் ஒரு கூடு வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் விற்றுவிடு என்றார். இன்னொன்றும் சொன்னார். கூடு எப்போது வேண்டுமானாலும் எடுத்து மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதை நான் ஒரு வார்த்தை விடாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார்.

குனிந்து கையூன்றி நுழைகிற கூடு எனக்கு ஆகாது. ஆள் நிமிர்ந்து உள்ளே போய் முட்டை எடுத்து, கூட்டிப் பெருக்கி வரும்படி இருக்க வேண்டும். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஏழடி உயரம். நானே பஜார் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி விலை விசாரித்தேன். பைப்புக்கு ஏழாயிரத்து எண்ணூறு, கம்பி வலைக்கு ஐயாயிரத்து நானூறு, கூரை ஷீட்டுக்கு நாலாயிரத்து இருநூறு, கதவு, கொண்டி, தாழ்ப்பாளுக்கு ஆயிரத்து நூறு. ஆக மொத்தம் பதினெட்டாயிரத்து ஐநூறு. கூலி கிடையாது, வீட்டிலேயே மேஸ்திரி இருக்கிறார். என் கையில் முட்டைக் காசு இருபதாயிரம் இருந்தது. மேஸ்திரி போனால் கடையில் விலை குறைப்பார்கள் என்று மொத்தத்தையும் அவர் கையில் கொடுத்தேன். புத்தி கெட்டவள்.

மறுநாள் வைப்பின் தீவில் நடந்துகொண்டிருந்த வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முற்றத்தில் கயிறு கட்டித் தோண்ட ஆரம்பித்தார். பைப் நட நாலு குழி போதுமே என்றேன். கீரி மண்ணைத் தோண்டி உள்ளே வரும், சுற்றிக் கல் வைத்தால்தான் நிற்கும் என்றார். அது நியாயம்தான். எங்கள் முற்றத்தில் கீரி உண்டு. கயிறு நான் சொன்னதைவிட அகலமாகக் கிடந்ததே, அதைக் கேட்டேன். கோழி நாளைக்குப் பெருகாதா என்று திருப்பிக் கேட்டார். எனக்கும் ஆசை வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மட்டாஞ்சேரி மண்ணை ரெண்டடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். வந்தது. அதை இறைத்துக் கொட்டிவிட்டு இன்னும் அரையடி தோண்டினார். கருங்கல் வந்து இறங்கியது, வெட்டுக்கல் வந்து இறங்கியது, சிமெண்டு மூட்டை எட்டு வந்தது. கேட்டால் வேலியேற்றத்தைச் சொன்னார். வருஷா வருஷம் கடல் ஏறி முற்றத்தில் தண்ணீர் நிற்கிறதே, தரையை உயர்த்தாவிட்டால் கோழி நனைந்து சாகும் என்றார். எதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து ஈசான மூலையில் முதல் கல் வைத்தார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார். கோழிக்கூட்டுக்கு எவனாவது பூஜை போடுவானா என்று கேட்டீர்களானால், அவர் குளியலறைக்குக் கல் வைத்தாலும் சூடம் கொளுத்துகிற ஆள். நானும் பக்தியாகக் கும்பிட்டேன். அதோடு நின்றேனா? தேங்காயும் வெல்லமும் ஒரு தட்டில் வைத்து மதில் மேலாகக் கமலாக்ஷியம்மாவிடம் நீட்டினேன். பழைய சண்டை தீரட்டும் என்ற எண்ணம். அவர் வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போய் டீச்சருக்குப் போன் செய்திருக்கிறார்.

பத்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வசந்தி, அவிடெ கல்லிட்டோ?"

கல்லிடுவது என்றால் இங்கே வீட்டுக்கு அஸ்திவாரக் கல் வைப்பது. எனக்கு ஏன் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன். "ஆமா டீச்சரே, நல்ல நேரம் நோக்கி வச்சது" என்று சந்தோஷமாகச் சொன்னேன். டீச்சர், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை ஒரு கல்கூட மேலே ஏறக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேரளத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தவனுக்கு அந்த மண்ணே சொந்தமானது. குடிகிடப்பு என்பார்கள். டீச்சருடைய அப்பாவின் தென்னந்தோப்பில் பத்து சென்ட் அப்படித்தான் போயிற்று. அதை டீச்சரே என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். இப்போது புதிதாக அப்படி எதுவும் கேட்க முடியாது என்கிறார்கள். ஆனால் சின்ன வயதில் கண்ட பயம் சட்டத்தைப் பார்த்தா போகும்? வாடகைக்காரன் கல்லிட்டான் என்று கேட்டதும் அவருக்கு அந்தத் தோப்புதான் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும்.

வேலையை நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். பாதியில் விட்டால் கரை சரிந்துவிடும் என்று கரண்டியை எடுத்தார். திட்டினேன். காதில் வாங்கவில்லை. பகல் முழுக்கக் கட்டினார், சாயங்காலம் தண்ணீர் விட்டு நனைத்தார். கோழிகள் அடைப்பில்லாமல் அலைந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை விடியும்போது கீரி ரெண்டைக் கொண்டுபோயிற்று. முற்றம் முழுக்கச் சிவப்பு இறகு. வலை எங்கே, முதலில் வலையை அடியுங்கள் என்று கத்தினேன். வரும் என்றார். சனிக்கிழமை வலை வரவில்லை, ஜல்லி வந்தது, தரைக்குக் கான்கிரீட் போட்டார். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக ஏதோ சந்தேகம் தட்டியது. ஆனாலும் டீச்சர் முன்னால் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாயா போடட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். நேரே பின்னால் போய்க் குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில் வெட்டுக்கல் கட்டு, நாலு பக்கமும் நூல் பிடித்தமாதிரி. மூலையில் ஒரு பெரிய குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இது எதற்கு என்றார். கோழி எச்சம் கழுவிவிட என்றேன். பக்கத்தில் ஒயர் இழுக்கிற சின்னக் குழாய். இதைக் காட்டி, கோழிக்குக் கரண்ட் எதற்கு என்றார். குஞ்சு பொரித்தால் குளிருக்குப் பல்பு போட வேண்டாமா டீச்சரே என்றேன். எனக்கே என் நாக்கை நினைத்து ஆச்சரியமாக இருந்தது. கீரி, வேலியேற்றம், மழை, என் மணிக்கட்டு எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். டீச்சர் முகம் கொஞ்சம் இளகியது. என் கோழி தப்பித்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அவர் என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி சொல்லு. இது எந்து தாங்கும்?"

பொய் சொல்லத் தெரியாத ஆளா அவர்? என்னிடம் பன்னிரண்டு நாளாகச் சொன்னாரே. ஆனால் வேலையைப் பற்றி ஒருத்தர் கேட்டால் அவரால் குறைத்துச் சொல்ல முடியாது. அது அவர் பிறவிக் குணம். நிமிர்ந்து நின்றார்.

"ரெண்டு மாடி தாங்கும் டீச்சர். ரெண்டரை அடி எறக்கிருக்கு. அசையாது."

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். புதன்கிழமைக்குள் இது இருந்த இடம் தெரியாமல் மண் சமமாக வேண்டும், இல்லையென்றால் மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிடு என்றார். கோழி விஷயம் பழையபடியே, மாத முடிவுக்குள் எடுத்து மாற்றுகிற கூடு வந்தால் இருக்கட்டும் என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "வசந்தி, நீ இது அறிஞ்ஞில்லேன்னு எனிக்கு மனசிலாயி" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கே புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

டீச்சர் போனதும், வலைக்கும் பைப்புக்கும் வைத்த பணத்தை எடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். தரையைப் பார்த்தார். இருபதாயிரமும் அந்தக் குழிக்குள் போயிருந்தது. அதற்கு மேல் அவர் கைக்காசும் ஏழாயிரம். வேலைக்குப் போகாமல் நின்ற பன்னிரண்டு நாள் கூலி தனி. ஒரு அடி கம்பி வலைகூட வாங்கவில்லை.

"நூறு வீட்டுக்கு மேல கல்லு வச்சிருக்கேன் வசந்தி" என்றார். "ஒண்ணுலகூட நான் படுத்ததில்ல. நமக்குன்னு ஒரு தடவ வச்சுப் பாப்போம்னு தோணிட்டு. டீச்சர்ட்ட பொறவு பேசிக்கிடலாம்னு நெனச்சேன்."

"அதுக்கு என் கோழிக்காசுதான் கெடச்சுதா?" என்றேன். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. மனுஷன் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை சம்மட்டி எடுத்து இடித்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை இடித்து ஒரு மூலையில் உள்ளங்கை அளவுதான் பெயர்ந்தது. அவர் போட்ட கலவை அப்படி. கை கொப்பளித்து உட்கார்ந்துவிட்டார். மெஷின் கொண்டுவந்தால்தான் ஆகும் என்றார். மெஷினுக்கும் ஆளுக்கும் மூவாயிரம், இடிந்ததை அள்ளிக்கொண்டு போக ஆயிரத்து ஐநூறு. மாத முடிவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கூடு வாங்கவும் காசில்லை, இடிக்கவும் காசில்லை.

செவ்வாய்க்கிழமை தோப்பும்படியில் கோழிக்கடை வைத்திருக்கிற சுடலைமணிக்கு நானே போன் செய்தேன். உருப்படி முந்நூற்றைம்பது என்றான். முட்டையிடுகிற கோழிக்கு இது அநியாயம் என்று பேசிப் பார்த்தேன், ஒரு ரூபாய் ஏறவில்லை. பதின்மூன்றையும் நானே பிடித்துக் கொடுத்தேன். என் கைக்குத்தான் அவை வரும். ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் விடும்போது மணிக்கட்டு வலித்தது. வலியால்தான் அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். நாலாயிரத்து ஐநூற்றைம்பது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தான். நான் அதை அப்படியே வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

புதன்கிழமை ராஜப்பன் என்கிற ஆள் மெஷினோடு வந்தார். கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், குனிந்து கலவையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இடிக்க மனசு வராத வேலையாக இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், நான்தான், கோழிக்கூட்டுக்கு என்றார். கோழிக்கூட்டுக்கா இப்படி என்று அந்த ஆள் சிரிக்க ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. என் காசைத் தின்ற மனுஷன்தான், என் கோழியைப் போக்கடித்தவன்தான். இருந்தாலும் அவரை என் முன்னால் வைத்து இன்னொருத்தன் சிரிப்பதா?

"கோழிக்கில்ல சேட்டா. வீட்டுக்கு" என்றேன். "நாங்க வீடு கட்டப் போட்டது."

ராஜப்பன் சிரிப்பை நிறுத்தினார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை, மெஷினைப் போடச் சொன்னேன்.