நீராவியில் சாகாதது

1
இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார், "நாலு வருஷ வேலை போச்சு அண்ணி" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் பேனாவைத் தேடினேன்.

2
அடர்ந்த காட்டுக்குள் அவள் அந்த மூலிகை வேரை— (அடித்துவிட்டேன். வேர் தபாலில் வந்தது, ரசீதோடு.)

மறுபடி. அந்த வேரில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் வெள்ளையணுக்களுக்குக் கண் கிடையாது. தடவிப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ளும். இந்தச் சங்கிலியைத் தடவினால் பூஞ்சையின் மேல்தோலைத் தொட்டதுபோல இருக்குமாம். எதிரி புகுந்துவிட்டான் என்று அவை எச்சரிக்கைப் புரதங்களைக் கொட்டும். அவற்றை அளந்துதான் அவள் கட்டுரை எழுதியிருந்தாள். அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தது.

3
அடுத்த மேசைக்காரனுக்கு ஆய்வகமே வைத்த பெயர் 'சந்தேகம்'.

"குடுவையை எப்படிக்கா சுத்தம் பண்ணீங்க?"

"நீராவியிலதான். எப்பவும் போல."

"நீராவியில பாக்டீரியா சாகும். பொணம் எங்க போகும்?"

அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். செத்த பாக்டீரியாவின் தோலைத் தடவினாலும் வெள்ளையணுக்கள் இதே கூச்சல்தான் போடும். அந்தத் தோல் நீராவிக்கு அசையாது. குடுவையை உலர் அடுப்பில் பல மணி நேரம் சுட வேண்டும். நான்கு வருடமாக அவள் சுடவில்லை.

"உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வந்திருந்தா எனக்குக் கல்யாணம் ஆகியிருக்குமேக்கா."

4
இங்கே நான், 'அவள் மேசையில் தலை சாய்த்து விம்மி' என்று ஒரு பக்கம் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அழுதேன்னு எழுதாதீங்க அண்ணி. அடுப்பைப் பத்த வச்சேன்."

(இந்தப் பாத்திரம் எனக்கு அடங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.)

5
சுட்ட குடுவைகள், புதிய வேர்ச்சாறு. பாக்டீரியாத் தோலை மட்டும் பிடித்து நிறுத்தும் வடிகட்டியில் சாற்றை விட்டாள். வெள்ளையணுக்களின் கூச்சலை அளந்து முன்பு நூறு காட்டிய கருவி, இப்போது எழுபத்திரண்டு காட்டியது.

"இருபத்தெட்டு பொணம்தான்," என்றான் சந்தேகம். "மிச்சமும் வடிகட்டியில தப்பினதா இருந்தா?"

அவள் ஒரு நொதியை எடுத்தாள். அது வேரின் சர்க்கரைச் சங்கிலியை மட்டும் நறுக்கும் கத்தரிக்கோல், பாக்டீரியாவைத் தொடாது.* சங்கிலி அறுந்தபின் கூச்சல் நின்றால், கூச்சலுக்குக் காரணம் அதுவே.

கருவி பூஜ்யம் காட்டியது. எல்லாரும் எண் ஏறக் கைதட்டுவார்கள். இவர்கள் இருவரும் ஒன்றுமில்லாததைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"அக்கா, எனக்குக் கேக்க ஒண்ணுமே இல்ல," என்றான் அவன், எதையோ பறிகொடுத்தவன் குரலில்.

*அதைத் தனியாகச் சோதித்தும் பார்த்தாளாம். கதை நீளும் என்று விட்டுவிட்டேன்; அவளுக்கு என்மேல் கோபம்.

6
ஆய்வகத் தட்டில் நடந்தது உடம்பில் நடக்குமா? அது வேறு கதை. 'மருந்து' என்று எழுத அவள் என்னை விடவில்லை. கட்டுரையில் நூறை அடித்து எழுபத்திரண்டு என்று எழுதி, தவறையும் தன் கையாலேயே சேர்த்து அனுப்பிவிட்டாள். அதற்கு மேல் எனக்கு முடிவு எழுத வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குப் பதவி கொடுங்கள், சந்தேகத்துக்குப் பெண் பாருங்கள், உங்கள் இஷ்டம். அந்தப் பூஜ்யத்தை மட்டும் தொடாதீர்கள். அது அவள் சம்பாதித்தது.